ஓய்ந்த பிளவா, உறங்கும் பிளவா

பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியில் கிணறு வெட்டுகிறவர்களுக்குப் பாறையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் மண், அதன் கீழ் கையில் உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடி வைத்தால் மட்டுமே அசையும் கரும்பாறை. பச்சைமலை அடிவாரம் முழுக்க இதே கதைதான். சார்னோகைட், நைஸ் என்று புவியியலாளர்கள் பெயர் சொல்லும் இந்தப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமியின் வயதில் பாதிக்கும் மேல். எத்தனையோ மலைகளின் எடையைத் தாங்கி, பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, மேலே இருந்தவை எல்லாம் அரித்துப் போன பிறகு வெளிச்சத்துக்கு வந்தவை.

இங்கிருந்து பெரம்பலூர் வந்து, இன்னும் கொஞ்சம் தெற்கே கொளக்காநத்தம், காரை பக்கம் போனால் நிலமே வேறாகிவிடுகிறது. புல் முளைக்காத களிமண் மேடுகள். மழைநீர் கீறிய ஓடைகள். வெயிலில் மின்னும் ஜிப்சம் கீற்றுகள். அந்தக் களிமண்ணில் அம்மோனைட் கிடைக்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற பெலெம்னைட் கிடைக்கும். சுறாப் பல் கூடக் கிடைக்கும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி அது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கரையோரத்து மரம் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லானது.

ஒரே மாவட்டத்துக்குள் 250 கோடி ஆண்டுப் பாறையும் 10 கோடி ஆண்டுக் கடலடியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, வயல்களுக்கும் பருத்திக் காடுகளுக்கும் அடியில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓர் எல்லை ஓடுகிறது. எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை நடந்தே அளந்து, 1862-ல் வெளியிட்ட அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளைப் பிரித்துப் பெயரிட்டார். அந்தப் பெயர்களைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. ஆனால் அவர் கண்டது மேலே தெரிந்ததை மட்டும். அது ஒரு கண்டம் கிழிந்த இடத்தின் விளிம்பு என்று புரிய இன்னொரு நூறாண்டு பிடித்தது.

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்த காலம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் இழுபட ஆரம்பித்தது. இழுபட்ட பாறை முறிந்தது. முறிந்த துண்டுகளில் சில கீழே இறங்கின, சில அப்படியே நின்றன. இறங்கியவை பள்ளங்கள், நின்றவை முகடுகள். முதலில் பள்ளங்களில் ஆறும் ஏரியும்தான் மண் கொட்டின. பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணியில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் களிமண் அந்தக் காலத்து மிச்சம். அதில் கிடைப்பவை பெரும்பாலும் இலைத் தடங்கள்தான். கடல் பிறகுதான் உள்ளே வந்தது.

மேலே தெரியாத மீதியைக் கண்டுபிடித்தது எண்ணெய் தேடியவர்கள். 1950-களின் கடைசியிலிருந்து காவிரிப் படுகையில் ஈர்ப்பு விசையையும் காந்தப் புலத்தையும் அளந்த எண்ணெய், இயற்கை எரிவாயு நிறுவனம், 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்துளையைப் போட்டது. பிறகு தரையில் செயற்கை அதிர்வை உண்டாக்கி, அடியிலுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்து, நிலத்தின் உள்படத்தை வரைந்தார்கள். தட்டையாகக் கிடக்கும் டெல்டாவுக்கு அடியில் தெரிந்தது ஒரு முழு மலைநாடு. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், அதற்குக் கிழக்கே கும்பகோணம் வழியாக பரங்கிப்பேட்டை வரை நீளும் முகடு, அப்புறம் தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு, நாகப்பட்டினம் பள்ளம். எல்லாம் வடகிழக்கு–தென்மேற்காக வரிசை போட்டு நிற்கின்றன. சில பள்ளங்களில் படிவின் தடிமன் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். கும்பகோணத்தில் காபி குடிப்பவர் புதைந்துபோன ஒரு மலைமுகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கிழிசல் முழுமை பெறவில்லை. அண்டார்டிகா விலகிப் போனது, நடுவே இந்தியப் பெருங்கடல் விரிந்தது. இலங்கையைப் பிரிக்கப் பார்த்த கிளை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பாக் நீரிணை ஆழமில்லாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நின்றுபோன இந்தப் பிளவுப்பள்ளத்தாக்கின் விளிம்பில்தான் பெரம்பலூரும் அரியலூரும் இருக்கின்றன. பூலாம்பாடி விளிம்புக்கு வெளியே, கெட்டிப் பாறையில்.

இனி நிலநடுக்கத்துக்கு வருவோம். படுகைக்கு அடியில் டஜன் கணக்கில் பிளவுகள் இருப்பது தெரியும். அவற்றில் எது இன்னும் நகரக்கூடியது?

இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கா இப்போதுதான் கிழிந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம். அதன் தென்பகுதியில் மலாவி. அங்கே பிலிலா–ம்டகடகா என்ற பிளவு சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்கு, பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு கரையாகத் தரையில் எழுந்து நிற்கிறது. ஆய்வாளர் வேலை அங்கே கண்ணெதிரே கிடக்கிறது. டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள் அளந்த உயரப் படத்தில் கரைகளைத் தேடு, நீளத்தை அள, உயரத்தை அள, நேரில் போய்ச் சரிபார். மலாவி, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து இப்படித்தான் அந்நாட்டின் செயல்படும் பிளவுகளைத் தொகுத்து, நிலநடுக்க அபாயக் கணக்குக்குப் பயன்படும் தரவாக்கினார்கள்.

அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. 2009 டிசம்பரில் வடமலாவியின் கரோங்காவில் அடுத்தடுத்து நிலநடுக்கங்கள் வந்தன. எல்லோரும் கண் வைத்திருந்த பெரிய எல்லைப் பிளவு சும்மா இருந்தது. பள்ளத்துக்கு உள்ளே, அதுவரை யாரும் வரைபடத்தில் குறித்திராத ஒரு சின்னப் பிளவு அசைந்தது. நன்றாகத் தெரியும் இடத்திலேயே இந்தக் கதி.

அரியலூரில் அதே முறையைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? கரை ஒன்று இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அதைக் கரைக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக ஏரோட்டி வரப்புக் கட்டிச் சமன்செய்த நிலம் இது. ஏரிக்கரை, சாலை மேடு, ரயில் தண்டவாளம் எல்லாமே செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும்; கணினிக்கு அவற்றுக்கும் நிலப்பிளவுக்கும் வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்குக் கரிசல். கோடையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் உப்பி மூடிக்கொள்ளும் மண். வெடிப்பில் மேல்மண் கீழே விழ, உப்பும்போது கீழ்மண் மேலே வர, அந்த மண் தன்னைத் தானே உழுதுகொண்டிருக்கிறது. குழி வெட்டி அடுக்குகளைப் படிக்கலாம் என்றால், படிக்க அடுக்கே மிஞ்சியிருக்காது. வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் நிலநடுக்கம் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். பெரும்பாலும் கரிசல் செய்த வேலை. மீதி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வெடி.

எனவே நம் ஊரில் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். செயற்கைக்கோள் படத்தில் மலை விளிம்பு, ஆற்றின் நேர்ப்போக்கு, தாவர வரிசை என்று நேராகத் தெரியும் தடங்களை எல்லாம் குறிப்பது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையத்தில் எஸ்.எம். ராமசாமி பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தார். தென்னிந்திய நிலம் சில பட்டைகளில் வில்லாக எழும்பியும் நடுவே தாழ்ந்தும் வருகிறது, ஆறுகள் அதற்கேற்ப இடம்பெயர்ந்திருக்கின்றன என்பது அவர் 2006-ல் முன்வைத்த பெரிய சித்திரம். துணிச்சலான சித்திரம், இன்றும் வாதத்துக்கு இடம் தருவது. ஆனால் அதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நேர்கோடாகத் தெரிவதெல்லாம் பிளவு இல்லை. பிளவெல்லாம் செயல்படும் பிளவும் இல்லை. பச்சைமலைக்கு வடக்கே சேலம்–ஆத்தூர் வழியாக ஓடும் நீண்ட தடம் வரைபடத்தில் மிரட்டலாகத்தான் இருக்கிறது. அங்கே பாறை இழுபட்டதோ பல கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், மெழுகு போல் இளகிக் கிடந்த நிலையில். அது பழைய தழும்பு. இன்றைய பிளவா என்பதற்குத் தனிச் சாட்சி வேண்டும்.

2000-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுமைக்கும் 43 தாள்களில் நிலநடுக்கப் பிளவு வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பொறியாளர்கள் இன்றும் அணைக்கும் ஆலைக்கும் கணக்குப் போட அதைத்தான் பிரிக்கிறார்கள். அதில் கோடுகள் நிறைய. கோட்டின் மேல் தேதி எழுதியவை மிகக் குறைவு.

பழைய பிளவுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 2001 ஜனவரி 26 காலை குஜராத்தை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கம் கட்ச் பகுதியில் வந்தது. கட்ச் ஒரு பிளவுப்பள்ளத்தாக்கு. காவிரிப் படுகை போலவே கோண்டுவானா உடைந்த காலத்தில் பிறந்து, பாதியில் நின்றுபோனது. அன்று இழுபட்டுத் திறந்த பிளவுகள், இன்று இந்தியா வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளும் நெருக்கலில் எதிர்த்திசையில் நகர்கின்றன. கிழிந்து தைத்த வேட்டி மறுபடி தையலிலேதானே கிழியும். அந்த நடுக்கத்தை உண்டாக்கிய முறிவு தரையை எட்டவே இல்லை. மேலே நின்று எத்தனை கூர்ந்து பார்த்திருந்தாலும் முன்கூட்டித் தெரிந்திருக்காது.

அதற்கு ஏழாண்டு முன்பு, 1993 செப்டம்பர் 30 விடிகாலையில் மராட்டியத்தின் கில்லாரி. 6.2 அளவு, ஆயிரக்கணக்கான உயிர்கள். அப்போதைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அது மண்டலம் 1, அதாவது நாட்டிலேயே ஆபத்து குறைந்த இடம். மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர் வீடுகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. 2002-ல் திருத்தப்பட்ட இந்திய வரைபடத்தில் மண்டலம் 1 என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாடு இரண்டாம், மூன்றாம் மண்டலங்களுக்குள் வந்தது; சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. எனக்கு அந்தத் திருத்தத்தில் பிடித்த அம்சம் அதன் நேர்மைதான். ஆபத்தே இல்லாத இடம் என்று ஒன்றைக் காட்டும் தைரியம் இனி இல்லை என்று நிறத்தின் மூலம் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் சொந்தக் கணக்கு சிறியது. 1900 பிப்ரவரி 8 விடிகாலை கோயம்புத்தூர்–பாலக்காட்டுப் பக்கம் வந்த நடுக்கம் 6-ஐ ஒட்டியது. தென்னிந்தியாவில் பதிவானவற்றில் பெரியவற்றுள் ஒன்று. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்கு எதிரே கடலில் 5.5 அளவு நடுக்கம் எழுந்து, சென்னையில் மாடி வீட்டுக்காரர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். அந்தக் கடல் பகுதி அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம் வடகிழக்கே நீளும் திசையில் இருக்கிறது. அசைந்தது பிளவுப்பள்ளத்தாக்கின் பழைய விளிம்புதான் என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சந்தேகப் பட்டியலில் முதல் பெயராக அதைப் போட இது போதும்.

பக்கத்தில் ஒரே ஒரு பிளவுக்கு வயது பார்த்த அழகான வேலை ஒன்று நடந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே, பாரதப்புழை ஓரத்தில் தேசமங்கலம். 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரியில் 4.3 அளவு நடுக்கம் வந்த பிறகு பிஜு ஜானும் சி.பி. ராஜேந்திரனும் அங்கே பிளவைத் தேடிக் கண்டார்கள். பிளவு நகரும்போது இரு பக்கப் பாறையும் உரசி மாவாகிறது. அந்த மாவிலுள்ள குவார்ட்ஸ் மணிகளில் கதிரியக்கத்தால் சேரும் எலெக்ட்ரான்களை உரசல் துடைத்துவிடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து சேர ஆரம்பிக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கடைசிப் பெரிய நகர்வின் காலம் கிடைக்கும். கிடைத்தது: சுமார் 4,30,000 ஆண்டு. 2009-ல் இது வெளியானது.

இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் நகர்ந்ததையே செயல்படும் பிளவு என்பது பல நாடுகளில் வழக்கம். அப்படிப் பார்த்தால் தேசமங்கலம் செத்த பிளவு. கலிபோர்னியாவுக்குச் சரியான அளவுகோல் அது. அங்கே நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. தென்னிந்தியாவின் உட்பகுதி நகர்வதோ ஜி.பி.எஸ். கருவிக்கே பிடிபடத் திணறும் வேகத்தில். இங்கே ஒரு பிளவு லட்சம் ஆண்டு சும்மா இருந்துவிட்டு நகர்ந்தால் அது அதன் இயல்பு. அளவுகோலை அப்படியே இறக்குமதி செய்தால் இந்தத் தீபகற்பத்தில் ஒரு பிளவும் தேறாது, கில்லாரியும் தேறியிருக்காது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் அளந்த நிலநடுக்கங்களிலிருந்து பிளவின் நீளத்துக்கும் நடுக்கத்தின் அளவுக்கும் ஒரு உறவு கிடைத்திருக்கிறது. 10 கிலோமீட்டர் பிளவு முழுதாக முறிந்தால் 6.2; 20 கிலோமீட்டர் என்றால் 6.6, 100 கிலோமீட்டருக்கு 7.4. படுகையின் அடியில் 20 கிலோமீட்டர் நீளப் பிளவு ஒன்று, ஆண்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வீதம் நகர்வைச் சேர்த்துவைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6.6 அளவு நடுக்கத்தில் பிளவு சராசரியாக அரை மீட்டர் நகரும். அரை மீட்டர் சேர 50,000 ஆண்டு. ஒரு பிளவை மட்டும் பார்த்தால் கவலைப்பட எதுவுமில்லை. ஆனால் அப்படிப்பட்ட பிளவுகள் இருபது இருந்தால், படுகையில் எங்காவது ஒன்று சராசரியாக 2,500 ஆண்டுக்கு ஒருமுறை. உலகின் பல கட்டட விதிகள் முக்கியக் கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொள்ளும் காலம் 2,475 ஆண்டு. கணக்கில் நான் போட்ட வேகமும் எண்ணிக்கையும் எடுத்துக்காட்டுக்குத்தான். அவற்றுக்கு உண்மையான மதிப்புத் தருவதுதான் வரைபடம் போடுகிறவரின் வேலை. எந்தப் பிளவு, எவ்வளவு நீளம், என்ன வேகம் என்ற மூன்றும் இல்லாத கோடு பொறியாளருக்கு உதவாது.

கருவிகள் நூறாண்டுக் கதைதான் சொல்லும். அதைவிட நீளமான பதிவு நம்மிடம் வேறு வடிவில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது. ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த இரண்டு கல் விமானங்கள், பிளவுப்பள்ளத்தாக்கின் மேலேயே ஆயிரம் ஆண்டாக நிற்கின்றன. மிகக் கடுமையான அதிர்வு அந்த இடங்களுக்கு இந்த ஆயிரத்தில் வரவில்லை என்று துணிந்து சொல்லலாம். பார்க்கிறவர்கள் இதைச் சோழர் பொறியியலுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். பொறியியல் சிறப்புத்தான், ஆனால் 50,000 ஆண்டுக் கடிகாரத்தில் ஆயிரம் ஆண்டு என்பது ஐம்பதில் ஒரு பங்கு.

அபாயம் பிளவோடு முடிவதுமில்லை. நடுக்கம் வரும் வழியிலுள்ள மண்ணும் அதில் சேர்த்தி. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் இடிந்தபோது நடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. பழைய ஏரிப் படுகையின் இளகிய களிமண் அலையைப் பல மடங்கு பெருக்கியது. இந்தக் கோணத்தில் பூலாம்பாடி, அரும்பாவூர் பக்கம் பாக்கியசாலிகள்; கெட்டிப் பாறை அலையைப் பெருக்காது. கொள்ளிடக் கரை ஊர்களுக்கு, கிலோமீட்டர் கணக்கில் தடிமனான படிவின் மேல் ஆற்று மணல், அதில் மேலாகவே நிலத்தடி நீர். ஒரே நடுக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. மண்டல வரைபடத்தில் இருவருக்கும் ஒரே நிறம் அடித்தால் அந்த நிறம் எதைச் சொல்கிறது?

சரி, எங்கிருந்து தொடங்கலாம்? தயாராக வெட்டிய குழிகள் அரியலூரில் ஏராளம். சிமெண்டு ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பல மீட்டர் ஆழத்தில், சுவர் போல் செதுக்கிய வெட்டுகளோடு நிற்கின்றன. அவற்றில் பிளவுகளும் தெரியும். ஆனால் ஏழு கோடி ஆண்டுச் சுண்ணாம்புக்கல்லில் பிளவு இருந்தால், ஏழு கோடி ஆண்டுக்குள் எப்போதோ நகர்ந்தது என்றுதான் பொருள். வேண்டிய சாட்சி அதற்கு மேலுள்ள இளைய மண்ணிலும் சரளையிலும் இருக்கிறது. சுரங்கக்காரர்கள் முதல் வேலையாக வழித்து எறிவதும் அதைத்தான். புதிய வெட்டு திறக்கும் ஒவ்வொரு முறையும், மேல்மண் நீக்கும் முன் ஒரு புவியியல் மாணவரை அங்கே நிற்க வைத்தால் போதும். செலவு அவருடைய பஸ் கட்டணம்.

இரண்டாவது, எண்ணெய்த் தேடலின் பழைய எதிரொலிப் படங்கள். எண்ணெய் தேடியவர்களுக்கு மேலே உள்ள சில நூறு மீட்டர் தொந்தரவு. ஆழத்தைத் தெளிவாக்க அதை ஒதுக்கினார்கள். நிலநடுக்கம் தேடுகிறவருக்கு அந்தச் சில நூறு மீட்டர்தான் புதையல். ஆழத்துப் பிளவு ஜெயங்கொண்டம் பக்கத்துச் செந்நிறக் கடலூர் மணற்பாறை வரை ஏறி வந்திருக்கிறதா, அதற்குக் கீழேயே அடங்கிவிட்டதா என்பது அங்கேதான் தெரியும்.

குழி வெட்ட எனக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மருதையாற்றைச் சொல்வேன். பச்சைமலையில் பிறந்து, கெட்டிப் பாறையைக் கடந்து, பிளவுப்பள்ளத்தாக்கின் எல்லையைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகும் ஆறு. கரிசல் இல்லாத இடமாக, எல்லைக்கு நேர் மேலே, ஆறு பழைய காலத்தில் விட்டுச்சென்ற சரளைத் திட்டு ஒன்று வேண்டும். குறுக்கே மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் போல் வெட்டி, சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து, அடுக்கடுக்காகப் படம் போட வேண்டும். மணல் மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறையில் அளக்கலாம். வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயில் அடித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சரளை அடுக்கு ஐம்பதாயிரம் ஆண்டுப் பழையதாகவும், பிளவின் மேல் முறியாமல் தொடர்ந்தும் இருந்தால், அந்த இடத்தில் அந்தக் கோட்டுக்கு நேரே பொறியாளர் எழுதும் எண் வெகுவாகக் குறையும். முறிந்திருந்தால், எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை அளக்க ஒரு டேப் போதும்.